நனையாத மடி

ஆலடிப்பாறை பஸ் ஸ்டாண்டில், மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்துக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிற சிமெண்டுத் தரையில், முப்பிடாதி வரைந்துவிட்டுப் போன பொம்பளைப் படம் ஒன்று, விடிய விடியக் கொட்டிய ஆனி மழையில் ஒரு பொட்டுகூட அழியாமல், சுற்றிலும் தண்ணீர் ஓட, தான் மட்டும் உலர்ந்து, காலை நீட்டிக்கொண்டு கிடந்தது என்றால், அதை நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர்கள் பாடு. ஆலடிப்பாறைக்காரர்களுக்கு அதில் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அந்த வருஷம் அந்த ஊரின் பாதிக் கைக்குழந்தைகள் அந்தப் படத்தின் மடியில் தூங்கியிருக்கின்றன.

ஆலடிப்பாறை குற்றாலத்துக்குப் போகிற வழியில், மலையடியில் இருக்கிற ஊர். ஆனி பிறந்து மேற்கே கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், மழை என்று சொல்ல முடியாத, மழை இல்லை என்றும் சொல்ல முடியாத சாரல் ஒன்று காலையில் தொடங்கி, டீ குடிக்கிற நேரத்துக்கு நின்று, மறுபடி தொடங்கி, ஆவணி வரைக்கும் ஊரை நனைத்துக்கொண்டே இருக்கும். அருவிக்குக் குளிக்கப் போகிற கூட்டமெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் வண்டி மாறும். முப்பிடாதி மற்ற மாதங்களில் அம்மன் கொடை, மாதா கோவில் திருவிழா, தர்காவில் சந்தனக்கூடு என்று ஊர் ஊராகப் போய்த் தரையில் படம் போடுகிறவள். சீசன் மூன்று மாதமும் அவளுக்கு ஆலடிப்பாறைதான். தினமும் தண்ணீர் விழுகிற ஊரில் போய்ச் சாக்பீஸில் படம் போடுகிறாயே, உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்.

"சிலேட்டைத் துடைச்சுக் குடுக்கதுக்கு வானத்துல ஆளு வச்சிருக்கேன். வேற எவளுக்கு இந்தக் குடுப்பினை?"

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நாற்பத்து மூன்று வயதில், இருபது வருஷத் தொழிலில், முப்பிடாதி தன் படம் ஒன்றை இரண்டாம் நாள் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. காலையில் வந்து நின்றால் தரை வெறுமையாகக் கிடக்க வேண்டும், அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு எழும்ப வேண்டும், அந்தக் குறுகுறுப்பு விரலுக்கு வந்து சேர வேண்டும். உலகத்தில் அவள் தனக்கென்று கேட்டது இவ்வளவுதான், அதுவும் இருபது வருஷமாகத் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

படம் போட அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை, ஆனால் கொடுத்தவர்கள் நிறையப் பேர். பதினெட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியபோது, நகத்தளவு புலியும் மயிலும் யானையும் நாள் முழுக்க அவள் விரலுக்கடியில் போய்க்கொண்டே இருந்தன. ஒரு புலியை மட்டும் பெரிதாக்கினால் என்ன என்று தோன்றி, ஒரு மத்தியானம் சோற்று நேரத்தில் கரித்துண்டை எடுத்து ஆபீஸ் வாசலிலேயே வரைந்தாள், மேஸ்திரி அதைத் தாண்ட மனசில்லாமல் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தார், அன்றைக்கு ஏறிய கிறுகிறுப்பு அவளுக்கு இறங்கவேயில்லை. பிறகு லாரிகளின் முதுகில் இருக்கிற ஜோடிக் கிளியிடமிருந்து பச்சையை எடுத்துக்கொண்டாள். மாதா கோவில் உள்கூரையில் இருக்கிற தேவதூதர்களிடமிருந்து துணி மடிந்து விழுகிற விதத்தை எடுத்துக்கொண்டாள். சந்தனக்கூட்டு அலங்கார விளக்குகளிலிருந்து மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலத்தை வைக்கிற துணிச்சலை எடுத்துக்கொண்டாள். மேகத்தைக் குத்தாலிங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

குத்தாலிங்கம் சுவர்க்காரர். தேர்தலுக்கு ஆறு மாதம் முந்தியே கட்சிக்காரர்கள் மூலையில் பெயர் எழுதிப் பிடித்து வைத்துவிடுகிற சுவர்களில் சின்னம் வரைகிறவர். தேர்தல் இல்லாத காலத்தில் சிமெண்டு, வேட்டி, பல்பொடி. ஐம்பது வயதுக்காரர், ஏணியை விட்டு இறங்கினால் கால் தரையில் பாவாது என்பார்கள். எந்தச் சுவரானாலும் வாடிக்கைக்காரர் கேட்காமலே மேலோரத்தில் இரண்டு மேகம் போட்டுவிடுவார், அந்த மேகம் யாருக்கும் வராது. அதை முப்பிடாதி திருடிவிட்டாள் என்று அவர் டீக்கடை டீக்கடையாகச் சொல்லுவார். பல்பொடிச் சுவரில் சிரிக்கிற பெண்ணுக்கு என் கண்ணைத் திருடி வைத்துவிட்டு அண்ணாச்சி பேசுகிற பேச்சைப் பார் என்று அவள் சொல்லுவாள். இரண்டும் உண்மை. இரண்டு பேருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

தரையில் படம் போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். அது ஊருக்கே தெரியும், சிலை செய்கிறவர்களும் செய்கிறதுதான். ஊருக்குத் தெரியாதது, சாயங்காலம் எழுந்து போகும்போது அந்தக் கண்ணை மூடிவிட்டுப் போவார்கள் என்பது. உள்ளங்கையை இரண்டு கண்ணின் மேலும் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு. ஆளும் நாயும் நடக்கிற இடம், கண் திறந்திருக்கிற ஒன்றை மிதிபட விட்டுப் போகக் கூடாது. முப்பிடாதி அப்படி இழுக்கும்போது, "இருந்தது போதும், போயிட்டு வா" என்பாள். வீட்டில் சோற்றுக்கு உட்காரும்முன் கையைக் கழுவினால் உள்ளங்கையிலிருந்து கரி கறுப்பாக இறங்கும். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு நாள் முடியும்.

அந்த ஆனி பதினோராம் தேதி அவளுக்குச் சாமி போடக் கை வரவில்லை. வழக்கமாகப் பிள்ளையார், மாதா, பச்சை மினாரா என்று மூன்றை வரிசையாகப் போட்டுவிடுவாள், எந்த வீட்டுக்காரரும் மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். அன்றைக்கு அவள் கண்ணில் பஸ்சுக்குக் காத்திருக்கிற பெண்கள் பட்டார்கள். இருபது வருஷமாகத் தரையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கட்டைப்பையைக் காலிடுக்கில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பிறகு மறுகாலில் போட்டு நிற்பார்கள், உட்கார்ந்தாலும் ஓரமாகக் குத்தவைப்பார்கள். ஒருத்திகூடக் காலை நீட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஒருத்தியாவது நீட்டட்டுமே என்று தோன்றிற்று.

காலை நீட்டி, ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மடியைக் காலியாக வைத்துக்கொண்டு, வரப்போகிற பஸ் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை, ஒன்பதடி நீளத்துக்கு வரைந்தாள். சேலைக்கு லாரிக் கிளியின் பச்சை, மடிப்பு மாதா கோவிலுடையது, மூக்கு தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிய சினேகிதியுடையது, தலைக்கு மேல் குத்தாலிங்கத்தின் மேகம் இரண்டு, சேலைக்கரையில் மஞ்சளும் நீலமும். இருபது வருஷமாகச் சேர்த்ததை ஒன்று விடாமல் கொட்டினாள். கண்ணைத் திறந்தபோது சாயங்காலம் ஏழு. அப்போதுதான் சாரல் மழையாகி, மழை அடைமழையாகி, கடைசி வண்டியின் டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்க, பொடி டப்பாக்களைப் பைக்குள் போட்டு, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து, ஓடி ஏறிவிட்டாள்.

மூன்றாவது ஸ்டாப்பில் கம்பியைப் பிடித்தபோது உள்ளங்கை தெரிந்தது. சுத்தமாக இருந்தது.

"அய்யய்யோ, கண்ணை மூடலியே" என்றாள். பக்கத்தில் நின்றவர் தன்னைச் சொல்கிறாள் என்று நினைத்து, தூக்கம் வரலைம்மா என்றார்.

மறுநாள் காலையில் அவள் வருவதற்குள் டைம் கீப்பர் அருளப்பன் படத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்திருந்தார். பஸ்கள் வருவதையும் போவதையும் மைக்கில் சொல்வதுதான் அவர் வேலை. எதையும் ஆச்சரியமாகச் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"ஏம்மா முப்பிடாதி, உன் ஆளு இன்னும் போகலியே. ராத்திரிப் பூரா பேஞ்சிருக்கு, ஒரு இடத்துலகூட நனைஞ்ச அடையாளமே இல்ல பாத்துக்க."

"இன்னைக்குப் போயிரும் அண்ணாச்சி" என்றாள் அவள்.

போகவில்லை. துப்புரவுக்காரி விளக்குமாற்றால் இழுத்துப் பார்த்தாள், ஈர்க்குதான் தேய்ந்தது. குழாய்த் தண்ணீரை விட்டார்கள், தண்ணீர் ஒதுங்கிப் போயிற்று. சாரல் விழுந்துகொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்தால் படத்துக்கு மேலும் மேகம்தான், ஆனால் ஒரு துளி படத்தின்மேல் விழவில்லை. மூன்றாம் நாள் இதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு ஊர் அடுத்த கேள்விக்குப் போயிற்று: இது யார் வீட்டுச் சாமி?

கோவில் பூசாரி வந்து, வாகனம் இல்லை, ஆயுதம் இல்லை, எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து தூரத்தில் நின்று பார்த்து, எங்களுடையது எப்படியும் இருக்காது என்றார்கள். மாதா கோவில் உபதேசியார் படத்தின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், மேகம்தான் இருந்தது. யாரும் தம்முடையது என்று சொல்லாததால் அவள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டாள். பூக்காரர் ஒருவர் மாலை போடப் போனபோது பஸ்சுக்கு நின்ற பெண்களே தடுத்துவிட்டார்கள்: "சும்மா உட்காந்திருக்கிற பொம்பளைக்கு எதுக்குவே மாலை? அவளாவது நிம்மதியா இருக்கட்டும்."

ஐந்தாம் நாள் பொட்டல்பாறையிலிருந்து ஜைத்தூன் வந்தாள். கையில் நாலு மாதப் பிள்ளை, மற்றக் கையில் கட்டைப்பை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவசரமாக ஒதுங்க வேண்டும் என்று அழுகிற மூத்தவள், மேலே சாரல், கீழே சேறு. பஸ் ஸ்டாண்டில் உலர்ந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கிற மாதிரி, "கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா" என்று சொல்லி, பிள்ளையைப் படத்தின் மடியில் கிடத்திவிட்டு, மூத்தவளை இழுத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு துளி ஈரமில்லை. ஜைத்தூன் இரண்டு பஸ்சை விட்டுவிட்டு அதைத் தூங்க விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு மடிக்காரி என்று பெயர் வந்தது. அருளப்பன் மைக்கில், "சுரண்டை வண்டி மடிக்காரி பக்கத்துல நிக்கிது, பிள்ளைகளை எடுத்துக்கிட்டு ஏறிக்கிடுங்க" என்று சொல்லத் தொடங்கினார். சட்டங்கள் தாமாக உண்டாயின: ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இரண்டு, நடக்கிற பிள்ளைக்கு இடமில்லை, காய்ச்சல் பிள்ளைக்கு முதல் இடம். குடித்துவிட்டு வந்து அந்த மடியில் தலை வைக்கப் போன ஒருவனை நாலு பெண்கள் தூக்கி நிறுத்தி, அவன் ஊர் பஸ்சில் ஏற்றி, கண்டக்டரிடம் ஒப்படைத்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து தரையைத் தட்டி, சுரண்டி, ஏதோ கருவியை வைத்து அளந்து எழுதிக்கொண்டு, மழை வலுத்ததும் அந்தக் கருவியை மடிக்காரியின் காலடியில் பத்திரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீக்கடைக்காரருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். நாலு பேர் போகிற இடத்தில் ஒரு பொம்பளை இப்படியா காலை நீட்டுவாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் மனைவி செண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, மடிக்காரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சுகமாக நீட்டி, "ஒரு டீ கொண்டாங்க, சீனி கம்மியா" என்றாள். அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? மறுநாள் மூன்று பேர் நீட்டினார்கள். ஆடி பிறந்தபோது மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் காலை நீட்டாத பெண் வெளியூர்க்காரி என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஊருக்கெல்லாம் நன்மை செய்த அந்தப் படம் முப்பிடாதியைத்தான் படுத்திவிட்டது. முதல் வாரம் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு அவள் தன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு ஐந்தாம் நம்பர் பிளாட்பாரத்துக்குப் போனாள். பிள்ளையார் போட்டாள், தும்பிக்கை யாரோ ஒட்டிவிட்ட மாதிரி தொங்கிற்று. புலி போட்டாள், அது எதையோ தொலைத்துவிட்ட முகத்தோடு பார்த்தது. நின்று பார்த்தவர்கள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா மடிக்காரி மாதிரி வரலியே" என்றார்கள், அவர்கள் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு வலித்தது. இருந்ததையெல்லாம் அந்த ஒருத்திக்குள் கொட்டியாயிற்று, அந்த ஒருத்தியும் போக மாட்டேன் என்கிறாள். காலையில் வெறுந்தரையைப் பார்த்தால் குறுகுறுப்பு வரவில்லை. வயிறு சும்மா இருந்தது. ஆடி பத்தாம் தேதிக்குப் பிறகு அவள் டப்பாக்களைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இனி கை வராமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு எந்தப் பயத்துக்கும் அவள் பயந்தவள் இல்லை.

அவள் புருஷன் ஆவுடையப்பன் புரோட்டா மாஸ்டர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "போன மாசம் நான் போட்ட புரோட்டாவை இன்னைக்கு வரைக்கும் ஊரே தின்னு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தா, நான் என்னத்துக்குக் கல்லு முன்னால நிக்கப் போறேன்? உன் கதை அப்படி ஆயிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் குத்தாலிங்கம் சுவரில் இருக்கும்போது ஏணிக்கடியில் போய் நின்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் கண்ணை மூடாமப் போயிட்டேன்."

ஏணியிலிருந்து அவர் குனிந்து பார்த்தார். "மூடலியா?"

"மறந்துட்டேன்."

"அதான பாத்தேன்" என்றார் அவர். சிரிக்கத் தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இப்பப் போயி மூடிரேன்."

"பிள்ளைக கெடக்கே அண்ணாச்சி."

அவர் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். கால் தரையில் நன்றாகவே பாவிற்று. "நானும் ஒண்ணு சொல்லணும். பேரூராட்சியில கூப்பிட்டு விட்டாங்க. மடிக்காரியைச் சுத்திக் கம்பி போட்டு, மேல கண்ணாடி வச்சு, திறப்பு விழா நடத்தப் போறாங்களாம். நம்ம ஊரு சொத்தாம். கண்ணாடி வைக்கதுக்கு முந்தி வார்னிஷ் அடிச்சுக் குடுக்கணும்னு எங்கிட்டச் சொல்லிருக்காங்க. வெள்ளிக்கிழமை."

"கண்ணாடி வச்சா பிள்ளைகளை எங்கன கெடத்த?"

"அதைத் தலைவியம்மாட்டப் பொம்பளையெல்லாம் சேந்து போயிக் கேட்டாச்சு. பிள்ளையைக் கெடத்த தொட்டில் வாங்கித் தாரேன், கலையை மிதிக்க விடக் கூடாதுன்னுட்டாங்க. நல்ல மனசுதான், என்ன செய்ய? நான் அடிக்கிற வார்னிஷ் பத்து வருஷம் நிக்கும், உனக்கே தெரியும். எனக்கு அவ மேல கை வரலை. வெள்ளிக்கு முந்தி நீ ஒரு முடிவுக்கு வா."

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்சில் முப்பிடாதி வந்தாள். மனசை இரும்பாக்கிக்கொண்டு, உள்ளங்கையைப் பழைய வேட்டித்துணியில் துடைத்து வைத்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால், மடியில் அந்நேரத்துக்கே ஒரு பிள்ளை. ஜைத்தூனுடையதுதான், இப்போது ஆறு மாதத்தை நெருங்கிக் கொழுகொழுவென்று, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஜைத்தூன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து செண்டுவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை எழும்பட்டும் என்று முப்பிடாதி படத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தன் படத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே கிடையாது. மூக்கைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணைப் பார்த்தாள். அது திறந்திருந்தது. நாற்பது நாளாகத் திறந்திருந்தது. பகலில் இவ்வளவு பேர், ராத்திரியில் நாய்கள், ஹாரன், விளக்கு, மழை, ஒரு நிமிஷம் கண்ணயராமல் இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். நிம்மதியாக இருக்கட்டும் என்று வரைந்த ஒருத்தியை ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டுப் போனது தான்தான் என்று முப்பிடாதிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் தன் தரை போயிற்றே, தன் கை போயிற்றே என்று இருந்தாளே தவிர, இவளை நினைக்கவில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் உள்ளங்கையால் இழுத்து அழிக்கவும் மனசு வரவில்லை. நேற்று வந்த படத்துக்குச் செய்வதை நாற்பது நாள் உழைத்தவளுக்குச் செய்வதா? அவள் பையைத் திறந்து கரியை எடுத்தாள். இமையை வரைந்து மூடிவிடலாம் என்று குனிந்தவள், கையை வைத்தபடியே நின்றுவிட்டாள். மூடின கண்ணை அவள் வரைந்ததேயில்லை. அவள் போட்ட சாமி எதுவும் தூங்கியதில்லை. தீப்பெட்டிப் புலிக்கும் மயிலுக்கும் இமை கிடையாது.

குத்தாலிங்கம் வார்னிஷ் டப்பாவோடு இடம் பார்க்க வந்திருந்தார். "அண்ணாச்சி, மூடின கண்ணு போட்டிருக்கியளா?" என்று கேட்டாள்.

"பல்பொடிக்காரி கண்ணை மூடினா யாரும்மா வாங்குவா?" என்றார் அவர். "எனக்கும் தெரியாது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். அங்கே ஜைத்தூனின் பிள்ளை, இரண்டு இமையும் ஒட்டியும் ஒட்டாமல், ஓரத்தில் கொஞ்சமாக வெளுப்புத் தெரிய, முடி முடியாக இமைமயிர் கன்னத்தில் கிடக்க, ஒரு கவலையும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. முப்பிடாதி முழங்காலில் நகர்ந்து அதன் முகத்துக்குக் கிட்டே போனாள். பார்த்தாள். இருபது வருஷத்தில் எதை எதையோ பார்த்து எடுத்துக்கொண்டவள், லாரி முதுகையும் கோவில் கூரையையும் பார்த்த அதே பசியோடு அதைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க வயிற்றுக்குள் ஏதோ குறுகுறுத்தது, அவளுக்கு முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. விளங்கியபோது கரி நகர்ந்துகொண்டிருந்தது.

இடது இமை, பிறகு வலது இமை. பிள்ளையின் தூக்கம் அப்படியே மடிக்காரிக்கு வந்து சேர்ந்தது. "இருந்தது போதும்" என்றாள் முப்பிடாதி. "மெதுவாப் போயிட்டு வா."

ஜைத்தூன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். சாரல் விழுந்தது. முதல் துளி மடிக்காரியின் கால்விரலில் பட்டு, மெட்டி போட்டிருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளை கரைந்து ஓடிற்று.

அவள் உடனே போய்விடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டவள் மாதிரி மெதுவாகத்தான் போனாள்; ஒரு நாள் பாதம், ஒரு நாள் சேலைக்கரையின் நீலம், ஒரு நாள் குத்தாலிங்கத்தின் ஒரு மேகம். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஊரில் கோபம் இல்லாமல் இல்லை, அருளப்பன் இரண்டு நாள் முப்பிடாதியோடு பேசவில்லை. அவள் ஒளிக்கவில்லை. "நான்தான் மூடினேன். நாப்பது நாளா முழிச்சிருந்தா, தூங்கட்டும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஆண்கள் அதைப் பற்றி விவாதித்தார்கள். பெண்கள், "தூங்கட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒரு தடவை கிடத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். மடிதான் கடைசி வரை உலர்ந்திருந்தது. கரைகிற படத்துக்கு இனி எதற்கென்று வார்னிஷை அருளப்பன் மேஜைக்கு அடித்தார்கள். கம்பி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிற்று. தலைவியம்மா வந்து பாதி முகத்தோடு தூங்குகிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்குதா, பாவம்" என்று சொல்லிப் போனார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் தரை வெறுமையாக, ஈரமாகக் கிடந்தது. முப்பிடாதி அதன் ஓரத்தில் நின்றாள். குற்றம் செய்தவள் மாதிரியும் இருந்தது, வயிறு குறுகுறுக்கவும் செய்தது. அப்போது மலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைப்பிள்ளையோடும் மூட்டையோடும் வந்து இறங்கி, மடிக்காரி எங்கே என்று தரையைத் தேடினாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

செண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், அடியில் சாக்கை விரித்து, தலைக்கு மேல் குடையைப் பிடித்து, காலை நீட்டி. "ஏட்டி, அங்கன என்னத்தைத் தேடுத? இங்கன குடு" என்றாள்.

அந்தப் பெண் பிள்ளையைக் கொடுத்தாள். அது ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டுத் தூங்கிற்று.

அதிலிருந்து மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் யாராவது ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி எழுந்து பஸ் ஏறினால் இன்னொருத்தி உட்கார்கிறாள். அருளப்பன் மைக்கில், "மடிக்காரி பக்கத்துல" என்றே இன்னும் சொல்கிறார், யாரும் திருத்தவில்லை. முப்பிடாதிக்கு அவளுடைய தரை கிடைத்துவிட்டது. முதல் நாள் தூங்குகிற எருமையைப் போட்டாள், இரண்டாம் நாள் கொட்டாவி விடுகிற பிள்ளையார், மூன்றாம் நாள் ஏணி உச்சியில் உட்கார்ந்து குறட்டை விடுகிற குத்தாலிங்கத்தை, தலைக்கு மேல் அவருடைய மேகத்தோடேயே. அவர் வந்து பார்த்து, ஒரு வாரம் ஊரெல்லாம் புகார் சொன்னார். அடுத்த வாரம் வேட்டிச் சுவரில் நிற்கிற மாப்பிள்ளைக்கு இமை பாதி மூடி, கனவு காண்கிற மாதிரி இருந்தது. அது யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், அந்த இமை முதலில் யாருடையது என்பதும் தெரியும்.

ஆவணி கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம். அன்றைக்கு பஸ்சைப் பிடிக்க ஓடுகிற ஒருத்தியை முப்பிடாதி வரைந்திருந்தாள். செருப்பு ஒன்று பின்னால் பறக்கிறது, முகத்தில் சிரிப்பு. கண்ணைத் திறந்துவிட்டு நிமிர்ந்த நேரத்தில், யாரோ ஒரு பெண், "கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா" என்று ஒரு பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடிவிட்டாள். பிள்ளை அவளுடைய சாக்பீஸ் வாசத்தை மோந்து பார்த்து, முகத்தை அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. சாரல் தூறத் தொடங்கியது. கடைசி வண்டி ஹாரன் அடித்தது. படத்தின் கண் மூன்றடி தூரத்தில், கைக்கு எட்டாமல், நன்றாகத் திறந்திருந்தது.

பக்கத்தில் ஜைத்தூன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா ஜைத்தூனு, எனக்கு எந்திரிக்க முடியலை. அந்தக் கண்ணை மட்டும் கொஞ்சம் மூடிவிடேன். உள்ளங்கையை வச்சு, மெதுவா ஒரு இழு."

ஜைத்தூன் எழுந்து போய்க் குனிந்தாள். தூங்கப் போகிற பிள்ளையின் கண்ணைத் தடவுகிற மாதிரி கையை வைத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று முப்பிடாதி சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள்: "இம்புட்டு நேரம் ஓடினது போதும்க்கா."

பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

கடைசி வண்டி போயிற்று. சாரல் வலுத்தது. பறக்கிற செருப்பு கரைந்தது, சிரிப்பு கரைந்தது, சேலையின் பச்சை ஓடி வந்து முப்பிடாதியின் நீட்டின காலைத் தொட்டது. அவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின்மேல் போட்டு, அதன்மேல் குனிந்துகொண்டாள். தலை நனைந்தது, முதுகு நனைந்தது. மடி நனையவில்லை.